பாலாவிக் கரையில் அடியார் யாத்திரை

மூர்த்தி, தலம், தீர்த்தம் என்னும் மூன்றினையும் ஒருங்குவைத்து எண்ணுதல் சைவ நன்மக்களின் தொன்மையான மரபாகும். மூர்த்தி இறைவனின் திருவுருவம். தலம் அத்திருவுருவம் எழுந்தருளிய மண். தீர்த்தம் அம்மண்ணை நனைக்கும் புனித நீர். இம்மூன்றும் ஒருங்கே சிறந்து விளங்கும் இடத்தை நாடி அடியார் மேற்கொள்ளும் செலவே யாத்திரை எனப்படுகின்றது. ஆயின், இம்மூன்றனுள் ஒன்று அழிந்துவிடின் யாத்திரை என்னாகும்? மூர்த்தி மறைந்து, திருக்கோயில் தரைமட்டமாகி, மண்மேடும் நீரும் மாத்திரமே எஞ்சிய இடத்தைத் தலம் என்று சொல்லலாமோ? இவ்வினாவுக்கு விடை காண விரும்புவோர் ஏடுகளைப் புரட்ட வேண்டுவதில்லை. மன்னார்க் கரையிலுள்ள திருக்கேதீச்சரத்தின் வரலாற்றை நோக்கினாற் போதும்.

மன்னார்த் தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் தாம்போதியைக் கடந்து, நகரிலிருந்து ஏறத்தாழ 10 கிலோமீட்டர் சென்றால் மாதோட்டம் என்னும் பழம்பதியை அடையலாம். பாடல்பெற்ற ஈழத்துத் தலங்கள் இரண்டனுள் ஒன்றாகிய திருக்கேதீச்சரம் இங்கேதான் இருக்கின்றது. மற்றையது திருகோணமலையிலுள்ள கோணேசர் கோயில். கேது பூசித்துப் பேறு பெற்றமையால் கேதீச்சரம் எனவும், துவட்டா என்பவன் தவஞ்செய்தமையால் இப்பதி மாதுவட்டா என வழங்கிப் பின்னர் மாதோட்டம் ஆயிற்று எனவும் புராண மரபு கூறும். இறைவர் கேதீச்சரநாதர், இறைவி கௌரியம்மை, தலவிருட்சம் வன்னி, தீர்த்தம் பாலாவி.

இவற்றுள் பாலாவியின் பெருமை தனித்து நோக்கத் தக்கது. ஒருகாலத்தில் ஆறாக ஓடியது என மரபு கூறும் இந்நீர், இக்காலத்தில் ஆலயத்தின் அருகே பரந்த நீர்நிலையாக விளங்குகின்றது. ஏழாம் நூற்றாண்டினரான திருஞானசம்பந்தர் இத்தலத்தைப் பாடியபோது மாதோட்டத்தின் பொழில்வளத்தையும் கடற்கரையையும் சிறப்பித்தார். அவருக்குப் பின்வந்த சுந்தரமூர்த்தி நாயனாரோ இறைவனைப் பாலாவியின் கரையில் உறைபவனாகவே கண்டு பாடினார். மரக்கலங்கள் மலிந்த கடலையும் உடன் கூறினார். இருவரும் கடல் கடந்து இங்கு வரவில்லை என்பதும், இராமேசுவரத்தில் நின்று இக்கரையை நோக்கித் தொழுது பாடினர் என்பதும் சமய மரபு. ஆகவே இத்தலத்தின் முதற் பெரும் யாத்திரிகர் இருவரும் காலால் நடந்து வந்தவரல்லர். கண்ணுக்கெட்டாத கரையை உள்ளத்தால் அடைந்தவர்கள். திருக்கேதீச்சர யாத்திரைக்கு இதனினும் பொருத்தமான தொடக்கம் வேறில்லை என்க.

தீர்த்தம் என்னும் சொல்லின் பொருளும் ஈண்டு ஆராயத்தக்கது. வடமொழியில் அச்சொல்லுக்கு நீர்நிலையைக் கடக்குமிடம், இறங்குதுறை என்பனவே பழைய பொருள்கள். பிறவியாகிய கடலைக் கடக்க உதவுவது என்னும் கருத்துப்பற்றியே புனித நீருக்கு அப்பெயர் வந்தது. பாளி நூல்கள் மாதோட்டத்தை ‘மகாதித்த’ என்று குறிக்கின்றன. பெருந்துறை என்பதே அதன் பொருள். அநுராதபுர அரசின் வாயிலாக விளங்கிய இத்துறையில் கிழக்கும் மேற்கும் சந்தித்தன. 1980ஆம் ஆண்டு தொடங்கி யோன் காசுவெல் முதலியோர் மாந்தையில் நிகழ்த்திய அகழ்வாய்வில் சீன நாட்டு மட்கலங்களும் மேற்காசிய நாட்டு மெருகூட்டிய கலங்களும் வெளிப்பட்டன. சோழர் ஆட்சியில் இந்நகர் இராசராசபுரம் என்னும் பெயரும் பெற்றது. தாழிகுமரன் என்பான் இங்கு இராசராச ஈச்சுரம் என்னும் கோயிலை எடுப்பித்து அறக்கட்டளைகள் ஏற்படுத்தியதைக் கல்வெட்டொன்று தெரிவிக்கின்றது. வணிகருக்குத் துறையாக இருந்த அதே இடம் அடியாருக்குத் தீர்த்தமாகவும் இருந்தது. பொருளை ஏற்றிய கலங்களும், பொருளைத் துறந்த முனிவரும் ஒரே கரையில் இறங்கினர்.

துறவியருக்கும் நீர்க்கரைக்கும் உள்ள தொடர்பு பாரத நாடெங்கும் காணப்படுவதே. துறவி ஓரிடத்தில் வேரூன்றலாகாது என்பது பழைய விதி. மழைக்காலமாகிய நான்கு திங்கள் நீங்கலாக, ஏனைய காலமெல்லாம் அவர் சென்றுகொண்டே இருத்தல் வேண்டும். அவ்வாறு செல்வோருக்கு நீராடவும் நியமங்களை முடிக்கவும் ஏற்ற இடம் ஆற்றங்கரையே. ஆற்றைத் தொடர்ந்து ஊர்கள் இருக்கும். ஊர்கள் இருப்பின் பிச்சை கிடைக்கும். இவ்வாறு துறவியர் தங்கிய மரநிழல்கள் குடில்களாகி, குடில்கள் ஆச்சிரமங்களும் மடங்களுமாயின. கங்கைக்கரையில் அமைந்த இத்தகைய நிலையங்களுள் தமிழ்த் துறவியரின் கையால் எழுந்தனவும் உள என்பது பலர் அறியாத செய்தி.

ஸ்ரீவைகுண்டத்திற் பிறந்த குமரகுருபரர் பதினேழாம் நூற்றாண்டில் தருமபுர ஆதீனத்து மாசிலாமணி தேசிகரிடம் ஞானோபதேசம் பெற்றுக் காசிக்குச் சென்றார். மொகலாயர் ஆட்சி நிலவிய அக்காலத்தில் அவர் அங்கே மடமொன்று நிறுவினார். கேதாரத் துறையில் அமைந்த அம்மடம் தென்னாட்டு யாத்திரிகருக்குப் புகலிடமாயிற்று. அதன் வழிவந்ததே திருப்பனந்தாட் காசிமடம். நூற்றாண்டுகள் சில கழிந்தபின், பத்தமடையில் 1887ஆம் ஆண்டு பிறந்து, மலாயாவில் மருத்துவராகப் பணியாற்றிய மற்றொரு தமிழர் 1924இல் இருடிகேசத்தில் துறவு பூண்டார். அவரே சுவாமி சிவானந்தர். துறவு பூண்டபின்னும் அவர் மருத்துவத்தைக் கைவிட்டாரல்லர். பத்திரிநாத யாத்திரை செல்வோர் கடந்து செல்லும் இலட்சுமண சூலாவில் அறமருத்துவ நிலையமொன்றை நடத்தினார். 1936இல் அவர் தோற்றுவித்த தெய்வநெறிக் கழகம் கங்கைக்கரை ஆச்சிரமங்களுள் உலகறிந்த ஒன்றாயிற்று. 1950இல் அவர் மேற்கொண்ட பெருஞ்சுற்றுலா இலங்கையையும் உட்படுத்தியிருந்தது.

இவ்விருவர் வாழ்விலும் ஓர் ஒற்றுமை புலனாகின்றது. துறவு என்பது உலகை விட்டோடுதல் என்பார் கூற்றுக்கு இவர்கள் செயல் மறுப்பாக நிற்கின்றது. ஒருவர் வழிநடந்து வருவோருக்கு இடமளித்தார். மற்றவர் வழியில் நோயுற்றோருக்கு மருந்தளித்தார். தமக்கென வீடில்லாதவர் பிறர்க்கு வீடமைத்தனர். யாத்திரை என்னும் பெருமரத்துக்கு மூர்த்தி கனியாயின், இத்தகைய உபசாரமே வேராகும்.

இனி, மாதோட்டத்துக்கு மீள்வோம். 1560ஆம் ஆண்டில் போர்த்துக்கேயர் மன்னாரைக் கைப்பற்றிக் கோட்டை அமைத்தனர். அவர்கள் காலத்தில் திருக்கேதீச்சரக் கோயில் இடித்தழிக்கப்பட்டது. அதன் கற்கள் மன்னார்க் கோட்டை முதலிய கட்டடங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டன என்பது வழிவழி வரும் செய்தி. 1658இல் ஒல்லாந்தரும், அவர்க்குப் பின் ஆங்கிலேயரும் ஆண்டனர். மூர்த்தி மண்ணுள் மறைந்தது. கோயில் இருந்த இடம் காடாயிற்று. ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் இந்நிலை நீடித்தது. தீபமில்லை, மணியோசையில்லை, பூசிக்கும் ஆசாரியரும் இல்லை.

அக்காலத்தில் ஈழத்துத் துறவியர் செய்தது யாது? திருநெல்வேலி ஞானப்பிரகாசர் வரலாறு அதற்கு விடை தரும். போர்த்துக்கேய அதிகாரியின் உணவுக்காகப் பசுவைக் கொடுக்கவேண்டும் என்ற கட்டளைக்கு அஞ்சி, முறை வருமுன்னரே அவர் யாழ்ப்பாணத்தை விட்டுப் பாரத நாடு சென்றார் என மரபு கூறுகின்றது. வடமொழிக் கல்வியில் வல்லவராகி, துறவு பூண்டு, சிவஞானசித்தியாருக்கு உரையெழுதிய அவர் சிதம்பரத்தில் திருக்குளமொன்றை அகழ்வித்தார். அது ஞானப்பிரகாசம் என்னும் பெயரால் வழங்குகின்றது. தம் நாட்டில் தீர்த்தக்கரைக் கோயில் அழிந்துகிடந்த காலத்தில், ஈழத்துத் துறவி ஒருவர் தில்லையிலே புதுத் தீர்த்தம் கண்டார் என்பது எண்ணுந்தோறும் உள்ளத்தை உருக்குவதாகும். ஒரு கரையில் அடைபட்ட வழி மறுகரையில் திறக்கப்பட்டது.

ஆயினும் மாதோட்டம் மறக்கப்படவில்லை. அதனை மறவாமற் காத்தவை இரண்டு. ஒன்று, நாயன்மார் பாடிய பதிகங்கள். கோயிலை இடிக்க வல்லார்க்கும் அடியார் நாவிலுள்ள பாடலை இடித்தல் இயலாது. மற்றொன்று, பாலாவி. கல்லைப் பெயர்த்துக் கொண்டுபோகலாம். நீர்நிலையைக் கொண்டுபோதல் எவர்க்கும் கூடாது. ஓதுவோர் பதிகத்தை ஓதும்தோறும் பாலாவிக் கரை என்னும் அடையாளம் நிலைபெற்றிருந்தது. எங்கே தேடவேண்டும் என்பதைத் தேவாரம் சொல்லிற்று; இங்கேதான் என்பதை நீர்நிலை காட்டிற்று.

1872இல் ஆறுமுகநாவலர் வெளியிட்ட ‘யாழ்ப்பாணச் சமயநிலை’ என்னும் பிரசுரத்தில் இத்தலத்தின் நிலையை எடுத்துரைத்துச் சைவமக்களைத் தட்டியெழுப்பினார். அவர் 1879இல் சிவபதமடைந்தார். எனினும் அவர் இட்ட வித்து முளைத்தது. 1893 டிசம்பர் மாதத்தில் அரசாங்கம் ஏலமிட்ட அக்காட்டு நிலம், 40 ஏக்கருக்கு மேற்பட்டது, சைவர்களால் வாங்கப்பெற்றது. அடுத்த ஆண்டு காடு வெட்டி மண் அகழ்ந்தபோது பழைய சிவலிங்கமும் வேறு திருவுருவங்களும் வெளிப்பட்டன. 1903இல் சிறுகோயிலொன்று எழுந்து குடமுழுக்கும் நிகழ்ந்தது. 1948இல் கொழும்பில் திருப்பணிச் சபை தோன்றிற்று. அரசப் பெரும்பதவிகளை வகித்துப் பின்னர் அமைச்சராகவும் விளங்கிய சேர் கந்தையா வைத்தியநாதன் அதற்கு முன்னின்று உழைத்தார். அத்திருப்பணியின் பயனாக 1960இலும் 1976இலும் பெருஞ்சாந்தி விழாக்கள் நடைபெற்றன.

கோயில் வளர வளர அதனைச் சூழ மடங்களும் வளர்ந்தன. தொலைவிலுள்ள ஊர்களிலிருந்து வருவோர் அவற்றிலே தங்கி நீராடித் திருமுறை ஓதினர். அன்னதானப் பந்தியில் வேறுபாடின்றி அமர்ந்தனர். துறவியரும் இல்லறத்தாரும் ஒரே திண்ணையில் இரவைக் கழித்தனர். கங்கைக்கரையின் காட்சி சிறிய அளவில் பாலாவிக் கரையிலும் தோன்றிற்று எனல் மிகையாகாது.

போக்குவரவும் யாத்திரைக்குத் துணைசெய்தது. 1914இல் தனுக்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே புகைவண்டியோடு இணைந்த கப்பற் சேவை தொடங்கிற்று. தலைமன்னாரில் இறங்கிய இந்திய யாத்திரிகருக்கு மாதோட்டம் அருகாமையாயிற்று. இலங்கைச் சைவருக்கோ இராமேசுவரமும் காசியும் அணித்தாயின. 1964 டிசம்பரில் வீசிய பெரும்புயல் தனுக்கோடியை அழித்தது. பின்னர் இராமேசுவரத்திலிருந்து நடைபெற்ற சேவையும் 1984இல் நின்றுபோயிற்று. சம்பந்தரும் சுந்தரரும் நின்று நோக்கிய கரைக்கும் இக்கரைக்கும் இடையே மீண்டும் கடல் மாத்திரமே எஞ்சியது.

இக்கடலைப்பற்றிப் பேசுமிடத்து மற்றொரு யாத்திரையையும் குறிப்பிடுதல் பொருந்தும். 1897 ஜனவரியில் சுவாமி விவேகானந்தர் மேலைநாட்டிலிருந்து திரும்பிக் கொழும்பில் இறங்கி, யாழ்ப்பாணத்தில் இந்துக் கல்லூரியிலே வேதாந்தம்பற்றி உரையாற்றிவிட்டு, இக்கடல் வழியே பாம்பனை அடைந்தார். இராமேசுவரக் கோயிலில் அவர் ஆற்றிய உரையின் சாரம் ஈண்டு நினைக்கத்தக்கது. ஏழையிடத்தும் மெலிந்தவனிடத்தும் நோயாளியிடத்தும் சிவனைக் காண்பவனே உண்மையான வழிபாட்டாளன் என்றும், திருவுருவத்தில் மட்டும் காண்பவன் வழிபாட்டின் தொடக்கத்தில் நிற்பவன் என்றும் அவர் அறிவுறுத்தினார். யாத்திரிகர் நிறைந்த கோயிலில் நின்று துறவி ஒருவர் சொன்ன சொல் இது. மடத்துப் பந்தியில் இலையிடுபவர் சந்நிதியில் நிற்பவருக்குக் குறைந்தவரல்லர் என்பதே இதனாற் பெறப்படும்.

இனித் திருக்கேதீச்சர யாத்திரையின் உயிர்நாடியாகிய மகாசிவராத்திரிச் சிறப்பை நோக்குவோம். அவ்விரவில் அடியார்கள் பாலாவியில் நீராடி, குடங்களில் அந்நீரை முகந்து, வரிசையாகச் சென்று, அங்குள்ள மகாலிங்கத்துக்குத் தம் கையாலேயே அபிடேகம் செய்கின்றனர். ஆகம வழியில் நடைபெறும் தென்னாட்டுக் கோயில்களில் மூலமூர்த்தியைத் தீண்டிப் பூசிக்கும் உரிமை தீக்கைபெற்ற சிவாசாரியருக்கே உரியது. வடநாட்டிலோ, காசி முதலிய தலங்களில் யாத்திரிகர் கங்கைநீரைத் தாமே இலிங்கத்தின்மேற் சொரிவது வழக்கம். தென்னாட்டவர் சேதுவின் மணலைக் கங்கையிற் சேர்த்து, கங்கைநீரை இராமேசுவரத்து இறைவருக்குக் கொண்டுவரும் வழக்கமும் யாவரும் அறிந்ததே. நெடுவழி நடந்து நீர் சுமந்து வருதலே அங்கு வழிபாடு. பாலாவியிலோ சுமக்கும் தூரம் சிறிது. ஆயினும் கருத்து அதுவே.

உழவர், மீனவர், அலுவலர், மாணவர், முதியோர், சிறுவர் என்ற பிரிவின்றி யாவரும் குடமேந்திச் செல்லும் அவ்வொரு வரிசையில், பூசகர் யார், பூசிக்கவந்தோர் யார் என்னும் வேறுபாடு மறைகின்றது. பூசகரின்றி மூர்த்தி மண்ணுட் கிடந்த நூற்றாண்டுகளை உடைய தலம் இது. இங்கே ஒவ்வோர் அடியாரும் குடம் ஏந்தும்போது, கோயிலைக் காக்கும் பொறுப்பும் அக்குடத்தோடு அவர் கையில் வந்து சேர்கின்றது. அரசர் காப்பர், செல்வர் காப்பர் என்று இருந்த கோயில்கள் அரசும் செல்வமும் வீழ்ந்தபோது உடன்வீழ்ந்தன. அடியார் ஒவ்வொருவரும் தம் கடமையெனக் கொண்ட தீர்த்தம் வீழவில்லை.

இவ்வுண்மையைப் பிற்கால வரலாறு மீண்டும் சோதித்தது. 1990இல் போர் இப்பகுதியிற் கடுமையுற்றபோது மக்கள் இடம்பெயர்ந்தனர். கோயிற் சூழல் இராணுவத்தின் வசமாயிற்று. கரையிலிருந்த மடங்கள் பாழாயின. தலைமன்னார்ப் புகைவண்டியும் ஓயலாயிற்று. மூர்த்தியிருந்தும் அடியார் செல்லவியலாத காலம் அது. பண்டு கோயிலின்றித் தீர்த்தம் தனித்திருந்தது. இப்போது கோயிலும் தீர்த்தமும் இருந்தும் யாத்திரிகரில்லை. அன்றும் புலம்பெயர்ந்தோர் தாம் தங்கிய ஊர்களிலிருந்தே பதிகத்தை ஓதினர். கடலுக்கப்பால் நின்று தொழுத நாயன்மாரின் வழி அவர்களுக்கும் வழியாயிற்று. 2002இல் போர்நிறுத்தம் ஏற்பட்டபின் அடியார் வரவு மெல்ல மெல்லத் தளிர்த்தது. புகைவண்டிப் பாதை திருத்தப்பெற்று 2015இல் தலைமன்னார்வரை மீளத் திறக்கப்பட்டது. இந்திய அரசின் உதவியோடு கருங்கற் றிருப்பணி நிறைவேறி, 2022 ஜூலை மாதத்தில் குடமுழுக்கும் இனிது நிகழ்ந்தது.

கற்றளி எழுந்துவிட்டமையால் கடமை முடிந்ததென்று இருத்தல் தகாது. இக்கால யாத்திரையில் ஊர்திகள் விரைவைத் தந்தன. விரைவோ தங்குதலைப் போக்கிற்று. காலையிற் புறப்பட்டு, வாயிலில் இறங்கி, தீபாராதனை கண்டு, நண்பகலுக்குள் வீடு திரும்புவோர் பலராயினர். அவர் மூர்த்தியைக் கண்டார். தலத்தில் நின்றாரா, தீர்த்தத்தில் மூழ்கினாரா என்பது ஐயம். ஓரிரவேனும் தங்கி, முன்பின் அறியாதாரோடு ஒரே பாயில் இருந்து, அவர் உண்டபின் தாம் உண்டு, விடியுமுன் நீராடும் பயிற்சியே ஒருவனை யாத்திரிகன் ஆக்குகின்றது. துறவியர் வாழ்நாள் முழுவதும் மேற்கொள்வதை இல்லறத்தார் ஓரிரவேனும் பயிலுமாறு அமைந்தவையே மடங்கள். மடமில்லாத தலத்தில் காட்சி உண்டு, யாத்திரை இல்லை.

ஆதலின் கோபுரத்துக்குக் கல் சுமப்பதைப்போலவே, கரையிலே ஒரு திண்ணை அமைப்பதும், கிணற்றைத் தூர்வாருவதும், சிவராத்திரி வழியில் தண்ணீர்ப்பந்தல் இடுவதும், பாலாவி நீரை மாசுபடாமற் காப்பதும் திருப்பணியேயாம். இவற்றுக்குப் பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை. பள்ளி மாணவரும் செய்யலாம். பழைய மாணவர் சங்கங்களும் செய்யலாம். அயலிலே வாழும் கத்தோலிக்கரும் இசுலாமியரும் தத்தம் யாத்திரைகளில் வழிநடைச் சோர்வை அறிந்தவர்களே. மடுத் திருத்தலத்துக்கு ஆவணித் திருவிழாக் காலத்தில் நடந்துசெல்வோரும் இம்மண்ணின் மக்களே. தாகத்தோடு வருபவன் கையில் நீர் வார்க்கும்போது சமயம் வினவும் வழக்கம் இந்நாட்டிற்கு உரியதன்று.

தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு இப்போது விடை தெளிவாகும். மூர்த்தி மறைந்தபோது தீர்த்தம் தலத்தைக் காத்தது. தீர்த்தத்தைத் தேவாரம் காத்தது. தேவாரத்தை அடியார் நாவு காத்தது. கங்கையாயினும் பாலாவியாயினும் நீர் தானே தீர்த்தமாவதில்லை. அக்கரையில் ஒருவர் மற்றொருவரைக் கடக்கச் செய்யும் துறையாக நிற்கும்போதே அது தீர்த்தமாகின்றது.